பல்லுக்குள் மறுபடி வளர்வது எது?

"நரம்பை எடுத்தாச்சு." வேர் சிகிச்சை முடித்து வந்தவர்களிடம் என்ன செய்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். வலித்தது நரம்பு, எடுத்ததும் நரம்பு, கணக்கு நேர். பேச்சுக்கு இது போதும். ஆனால் பல்லின் நடுக்குழியிலும் வேர்க் குழாயிலும் நரம்போடு வேறு பலவும் குடியிருக்கின்றன. ரத்தக் குழாய்கள், நோய் எதிர்ப்புச் செல்கள், நார்கள், சுவரை ஒட்டி வரிசைகட்டி நிற்கும் ஒடோன்டோபிளாஸ்ட் செல்கள் எல்லாம் சேர்ந்த மெத்தென்ற சதை அது. பாடநூல் தமிழில் பற்கூழ். பல் டாக்டர் வாயில் பல்ப். எனாமலுக்குக் கீழே பல்லின் பெரும்பகுதியாக இருக்கும் டென்டினைக் கட்டுவது இந்த ஒடோன்டோபிளாஸ்ட் செல்கள்தான். பல் முளைத்த பிறகும் அவை வேலையை விடுவதில்லை. வாழ்நாள் முழுக்க உள்சுவரை மெல்ல மெல்லத் தடிக்கவைக்கும். சொத்தை நெருங்கி வந்தால் அவசரம் அவசரமாக உள்பக்கம் ஒரு தடுப்பும் எழுப்பும். பற்கூழை எடுத்துவிட்டால் வலியோடு சேர்ந்து இந்தக் கொத்தனாரும் வீட்டை விட்டுப் போய்விடுகிறார்.

நாற்பது வயதுக்காரருக்கு அது பெரிய இழப்பில்லை. வேர் முழுதாக வளர்ந்து, சுவர் தடித்து, நுனி குறுகி முடிந்த பல். கூழை எடுத்து, குழாயைச் சுத்தம்செய்து, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைத்து, மேலே ஒரு கேப் போட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். வேர் சிகிச்சையைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. சிக்கல் இருப்பது எட்டு வயதுப் பிள்ளையின் முன்பல்லில்.

நிரந்தரப் பல் ஈறைக் கிழித்துத் தலைகாட்டும்போது அதன் வேர் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வளர்ந்திருக்கும். மீதி வளரவும் நுனி மூடவும் இன்னும் மூன்று ஆண்டு பிடிக்கும். மேல் நடுப்பற்கள் ஏழு, எட்டு வயதில் முளைக்கின்றன. வேர் முடியப் பத்து வயதாகிறது. பிள்ளைகள் சைக்கிள் பழகுவதும், படிக்கட்டில் தாவுவதும், மைதானத்தில் குப்புற விழுவதும் சரியாக இந்த இடைவெளியில்தான். விழுந்த அடியில் பற்கூழ் செத்துவிட்டால் வேர் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நின்றுவிடும். எக்ஸ்ரேயில் பார்த்தால் சுவர் மெலிந்தும் நுனி விரிந்தும் கிடக்கும். பல சமயம் அப்போதைக்கு வலிகூட இருக்காது. சில மாதம் கழித்துப் பல் நிறம் மங்கும், அல்லது ஈறில் சிறு கொப்புளம் வந்து சீழ் கசியும். அதற்குப் பிறகுதான் பெற்றோர் பல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார்கள்.

அடி திறந்த இந்தக் குழாயில் எதை வைத்து அடைத்தாலும் மறுபக்கம் பிதுங்கிவிடும். 1960களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கால்சியம் ஹைட்ராக்சைடு பசையைக் குழாயில் வைத்து, மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வைத்து, நுனியில் கடினமான ஒரு மூடி உருவாகும் வரை காத்திருப்பது. மூடி வந்தது, சுவர் தடிக்கவில்லை. ஸ்டாக்ஹோமில் பணியாற்றிய மியோமிர் ட்ஸ்வெக் 1992இல் வெளியிட்ட கணக்கு பல் மருத்துவர்களை உறுத்தியது. இப்படிச் சிகிச்சை பெற்ற பற்களில் நான்கு ஆண்டுக்குள் ஈறோரக் கழுத்துப் பகுதியில் முறிந்தவை, வேர் ஓரளவு முடிந்திருந்த பிரிவில் 28 சதவீதம். வேர் மிகக் குறைவாக வளர்ந்திருந்த பிரிவில் 77 சதவீதம். கிருமி போய்விட்டது, எலும்பு ஆறிவிட்டது, பல் மட்டும் நிலைக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து ஆண்ட்ரியாசன் குழுவினர் செம்மறி ஆட்டின் முற்றாத பற்களில் கால்சியம் ஹைட்ராக்சைடை நிரப்பிச் சோதித்தார்கள். ஏறக்குறைய ஓராண்டில் பல்லின் வலிமை பாதியாகக் குறைந்திருந்தது. ஆற்றவந்த மருந்தே சுவரை அரித்திருக்கிறது.

இதற்கிடையில் 1993இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்திலிருந்து மஹ்மூத் தொராபிநெஜாத் எம்.டி.ஏ. என்ற பொடியை அறிமுகப்படுத்தினார். பெயர் நீளமானது, உள்ளே இருப்பதில் நான்கில் மூன்று பங்கு போர்ட்லேண்ட் சிமென்ட், வீடு கட்டுகிற அதே வகைதான். மீதியில் எக்ஸ்ரேயில் தெரிவதற்காக 20 சதவீதம் பிஸ்மத் ஆக்சைடு, 5 சதவீதம் ஜிப்சம். ஈரத்திலும் இறுகும், திசுவை உறுத்தாது, கிருமியை உள்ளே விடாது. மாதக்கணக்கில் காத்திருந்து வரவழைத்த நுனி மூடியை இதைவைத்து ஓரிரு நாளில் போட்டுவிடலாம். முறிவுக்கு மட்டும் இதுவும் மருந்தில்லை. மெலிந்த சுவர் மெலிந்தபடியே இருக்கும். சுவர் தடிக்க வேண்டுமானால் உள்ளே உயிருள்ள ஏதாவது இருந்தாக வேண்டும்.

செத்த பல்லுக்குள் உயிரைக் கொண்டுவர முடியுமா என்ற கேள்வியை முதலில் முறையாகக் கேட்டவர்களில் நார்வேயின் நிகார்ட் ஊஸ்ட்பி ஒருவர். 1961இல் அவர் வெளியிட்ட ஆய்வில், சுத்தம்செய்த குழாயை முழுக்க அடைக்காமல், வேர் நுனிக்கு அப்பால் வேண்டுமென்றே குத்தி, வந்த ரத்தத்தைக் குழாயின் அடிப்பகுதியில் உறையவிட்டார். ரத்தக்கட்டு சாரமாக நின்றால் திசு அதைப் பிடித்து ஏறி வரும் என்பது அவர் எண்ணம். கொஞ்சம் நார்த்திசு ஏறி வந்தது. பற்கூழ் வரவில்லை.

ஏன் அதற்குமேல் போகவில்லை என்பதற்கான விடை நான்கு ஆண்டு கழித்து எலிகளிடமிருந்து வந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது, அவ்வளவு எளிமை. அமெரிக்காவில் காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூவர் எலிகளின் கடைவாய்ப் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்து, அடைக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். சாதாரண எலிகளில் எதிர்பார்த்ததே நடந்தது: பற்கூழ் அழுகி, வேரடியில் சீழ் கட்டியது. இன்னொரு கூட்டம் பிறந்தது முதல் கிருமியே படாத கூண்டில் வளர்ந்த எலிகள். அவற்றின் பல் ஓட்டையிலும் தீவனமும் முடியும் போய்த் திணிந்து கிடந்தன. ஆனாலும் சில வாரங்களில் திறந்த பற்கூழின் மேல் புது டென்டின் பாலம் போட்டு மூடியிருந்தது. 1965இல் வெளியான அந்த முடிவின் பொருள் தெளிவு. ஓட்டையோ அடியோ உணவுத் துணுக்கோ பற்கூழைக் கொல்வதில்லை, கிருமி கொல்கிறது. கிருமி இல்லாத இடத்தில் பற்கூழ் தானே ஆறிக்கொள்கிறது.

ஆகவே கிருமியை ஒழித்துவிட்டு ரத்தத்தை வரவழைத்தால்? விடை தெரியத் தொடங்க 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் இவாயா குழுவினரிடம் வந்த நோயாளிக்கு 13 வயது. கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லில் கோளாறு. ஆசியர்களிடம் கூடுதலாகக் காணப்படும் ஓர் அமைப்பு அந்தப் பல்லில் இருந்தது: மெல்லும் பரப்பின் நடுவே கூம்பு போல ஒரு சின்ன மேடு. எதிர்ப்பல் இடித்து அந்தக் கூம்பு உடைந்தால், சொத்தை எதுவும் இல்லாமலே கிருமிக்கு உள்ளே நேர்வழி கிடைத்துவிடும். வேர் முடிந்திருக்கவில்லை, ஈறில் சீழ் வழியும் துளை வந்துவிட்டது. பாடநூல்படி கூழ் முழுக்கச் செத்திருக்க வேண்டும். ஆனால் டாக்டர்கள் குழாயை நுனிவரை ராவாமல், மேல்பகுதியை மட்டும் சுத்தம்செய்து, இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகளை உள்ளே வைத்துப் பார்த்தார்கள். சில வருகைகளுக்குப் பிறகு, குழாயின் வாயிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் கீழே உயிருள்ள திசு கண்ணுக்குத் தெரிந்தது. மெல்லிய கம்பி பட்டபோது நோயாளிக்கு வலித்தது. பல் ஆஸ்பத்திரியில் வலி நல்ல செய்தியாக அமைந்த அபூர்வமான தருணம். 30 மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் வேரின் சுவர் தடித்து, நுனி மூடியிருந்தது.

2004இல் பாங்க்ஸ், ட்ரோப் இருவரும் இதை ஒரு செய்முறையாக எழுதினார்கள். அவர்களின் நோயாளி 11 வயதுச் சிறுவன். பல்லும் அதே இரண்டாம் முன்கடைவாய்ப் பல். ஜப்பானின் நிகாதா பல்கலைக்கழகத்தில் ஹோஷினோ குழுவினர் உருவாக்கியிருந்த முக்கூட்டு ஆன்டிபயாடிக் பசையை வைத்துக் கிருமியை அடக்கி, பிறகு நுனிக்கு அப்பால் குத்தி ரத்தத்தை வரவழைத்து, உறைந்த ரத்தத்தின்மேல் எம்.டி.ஏ. வைத்து மூடினார்கள். உலகெங்கும் இன்று செய்யப்படுவது பெரும்பாலும் இந்த முறையின் திருத்திய வடிவம்தான்.

திருத்தங்களைக் கவனித்தால் இருபது ஆண்டில் இந்தத் துறையின் மனம் எப்படி மாறியது என்று தெரியும். வேர் சிகிச்சை நூறாண்டாகக் கற்பித்த பாடம் ஒன்றே: கொல். ராவு, கழுவு, கொல். புது முறையில் கிருமி சாக வேண்டும், பக்கத்தில் இருக்கும் செல் சாகக் கூடாது. வேர் நுனியில், வளரும் வேரின் தொங்கலில் ஒரு சிறு திசு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெருகி வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் அதில் நிறைய உண்டு என்பது 2006 வாக்கில் தெரிய வந்தது. பல்லுக்கு வெளியே இருப்பதாலும் சுற்றிலும் ரத்த ஓட்டம் இருப்பதாலும், உள்ளே சீழ் பிடித்தாலும் இந்தச் செல்கள் பிழைத்துக் கிடக்கின்றன. அவற்றைக் காக்கத்தான் இத்தனை ஜாக்கிரதை. சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கழுவுநீர் நம் வீட்டு பிளீச்சின் மருத்துவ வடிவம்; வழக்கமாக 5 சதவீதம் வரை பயன்படுவது இங்கே 1.5 சதவீதமாக இறங்கியது. ஆன்டிபயாடிக் பசையைக் கெட்டியாகக் குழைத்து வைத்தால் ஸ்டெம் செல்லும் சாகிறது என்று தெரிந்ததும், ஒரு மில்லிலிட்டருக்கு 1 முதல் 5 மில்லிகிராம் என்ற அளவுக்கு நீர்க்கவைத்தார்கள். பசையில் இருந்த மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் முன்பல்லைச் சாம்பல் நிறமாக்கியது தனிக் கதை. பல்லைக் காப்பாற்றிவிட்டுச் சிரிப்பைக் கெடுத்தோமே என்று பலர் அதை விட்டுவிட்டுக் கால்சியம் ஹைட்ராக்சைடுக்கே திரும்பினார்கள். மாதக்கணக்கில் வைத்தால் சுவரை அரிக்கும் அதே மருந்து, ஒன்று முதல் நான்கு வாரத்துக்கு மட்டும்.

இரண்டாம் வருகையில் மரத்துப்போகும் ஊசி போடும்போதுகூட ஒரு மாற்றம். வழக்கமான ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கும், ரத்தக் குழாயைச் சுருக்க. இங்கே ரத்தம் வர வேண்டும், எனவே அட்ரினலின் இல்லாத மருந்து. அடுத்தது 17 சதவீத இ.டி.டி.ஏ. கரைசலால் கழுவுவது. சுவரின் மேற்படலத்தில் உள்ள கால்சியத்தை இது கரைக்கிறது. டென்டின் கட்டப்பட்ட காலத்திலேயே அதற்குள் பூட்டிவைக்கப்பட்ட வளர்ச்சிக் காரணிகள், அதாவது செல்களை வளரத் தூண்டும் புரதங்கள், அப்போது வெளிப்படுகின்றன. அந்தப் பிள்ளை ஆறு வயதில் தன் பல்லுக்குள் புதைத்துவைத்ததை டாக்டர் பத்து வயதில் தோண்டி எடுத்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியில் மெல்லிய கம்பியால் நுனிக்கு அப்பால் 2 மில்லிமீட்டர் போய் உறுத்தினால் ரத்தம் ஊறி மேலே வரும். சாதாரண ரத்தம் இல்லை அது. உடம்பில் ஓடும் ரத்தத்தோடு ஒப்பிட்டால் ஸ்டெம் செல்லின் அடையாளங்கள் அதில் பல நூறு மடங்கு கூடுதல் என்று 2011இல் டெக்சாஸின் சான் ஆன்டோனியோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது உறைந்ததும் மேலே எம்.டி.ஏ. அல்லது அதன் பின்தோன்றலான பயோடென்டின், அதற்கும் மேலே பல் நிற அடைப்பு. பிறகு 6, 12, 24 மாதங்களில் எக்ஸ்ரே.

சரி, உள்ளே வளர்வது என்ன?

எக்ஸ்ரே பார்த்தால் சுவர் தடிக்கிறது, வேர் நீள்கிறது, வேரடி எலும்பு ஆறுகிறது. உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் குளிர்ச் சோதனைக்கும் மின்சோதனைக்கும் சில பற்கள் பதில் சொல்கின்றன. பற்கூழ் திரும்பிவிட்டது என்று கொண்டாடத் தோன்றும், கொண்டாடவும் செய்தார்கள். பிறகு முறிவு போன்ற வேறு காரணங்களால் பிடுங்க நேர்ந்த சில பற்களை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது கதை மாறியது. நாய்களில் செய்த ஆய்வுகளும் அதையே சொல்லியிருந்தன. உள்ளே இருந்தவை எலும்பு போன்ற திசு, வேரின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் சிமென்டம் போன்ற திசு, பல்லைத் தாடையோடு பிணைக்கும் நார்த்திசு. சுவரைத் தடிக்கவைத்தது டென்டின் இல்லை, சிமென்டம். ஒடோன்டோபிளாஸ்ட் வரிசை பெரும்பாலும் காணவே இல்லை. யோசித்தால் இதில் வியப்பில்லை. ரத்தத்தோடு வருகிற செல்கள் வேருக்கு வெளியே குடியிருந்தவை. வெளியே கட்டத் தெரிந்ததையே உள்ளேயும் கட்டுகின்றன. வீட்டுக்காரர் காலிசெய்த வீட்டில் பக்கத்து வீட்டார் வந்து குடியேறிய மாதிரி. வீட்டில் விளக்கு எரிகிறது, ஆனால் பழைய குடும்பம் இல்லை.

பெயரில் நடக்கும் சண்டையின் வேர் இங்கேதான். அமெரிக்க வேர்சிகிச்சை வல்லுநர்களின் சங்கம் இதை மீளுருவாக்கச் சிகிச்சை என்கிறது. ஐரோப்பியச் சங்கம் 2016இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையில் புத்துயிரூட்டல் என்ற சொல்லோடு நின்றுகொண்டது. எனக்கு ஐரோப்பியச் சொல்லே நேர்மையாகப் படுகிறது. உருவானது புதிதுதான்; இழந்தது மீளவில்லை. அமெரிக்கச் சங்கமும் இலக்குகளை அடுக்கும்போது அடக்கத்தோடுதான் அடுக்குகிறது. முதல் இலக்கு வலி, வீக்கம் போவதும் வேரடி எலும்பு ஆறுவதும். இரண்டாவது சுவர் தடிப்பதும் வேர் நீள்வதும், வந்தால் நல்லது. மூன்றாவது உணர்ச்சிச் சோதனைக்குப் பல் பதில் சொல்வது. அது கூடுதல் லாபம்.

முதல் இலக்கு பெரும்பாலான பற்களில் கைகூடுகிறது. இரண்டாவது கைகூடும் என்ற நிச்சயமில்லை. ஒரு பல்லில் வேர் அழகாக முடியும். அதே டாக்டர் அதே முறையில் செய்த இன்னொரு பல்லில் நுனி மட்டும் மூடும், சுவர் அசையாது. கூம்பு உடைந்து கெட்ட முன்கடைவாய்ப் பல் நன்றாகத் தேறுவதும், விழுந்து அடிபட்ட முன்பல் அவ்வளவு தேறாததும் அடிக்கடி காணப்படுகிற வேறுபாடு. அடிபட்டபோது வேர் நுனியில் வேரை வடிக்கும் உறையே நசுங்கியிருக்கக்கூடும் என்பது பொதுவான விளக்கம். இன்னொரு ஏமாற்றம், சுவர் தடிப்பது நுனிப் பக்கமாகவே பெரும்பாலும் நடக்கிறது. ட்ஸ்வெக்கின் கணக்கில் பற்கள் முறிந்த கழுத்துப் பகுதியில் எம்.டி.ஏ. உட்கார்ந்திருப்பதால் அங்கே வளர இடமே இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைச் செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம் என்பேன். பலிக்காவிட்டால் எம்.டி.ஏ. மூடிக்குத் திரும்பிப் போகும் வழி திறந்தே இருக்கிறது. தாடை வளர்ந்து முடியும்வரை அந்த வயதில் இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், வைக்கவும் முடியாது. பிள்ளைக்கு இரண்டு மூன்று ஆண்டு விடாமல் சோதனைக்கு வரும் பெற்றோர் வேண்டும். அதுதான் பல குடும்பங்களில் தட்டும் இடம்.

பழைய குடும்பத்தையே வரவழைக்க முடியுமா? ஆய்வகத்தில் அதற்கான வேலை 2000லிருந்து நடக்கிறது. அந்த ஆண்டில்தான் நிரந்தரப் பல்லின் கூழில் ஸ்டெம் செல் இருப்பதை அமெரிக்காவில் கண்டார்கள். 2003இல் விழும் பால் பல்லிலும் கண்டார்கள். மனிதரிடம் செய்து பார்த்தவை விரல்விட்டு எண்ணும்படியானவை. ஜப்பானின் மிசாகோ நகாஷிமா 2017இல் ஐந்து பேரிடம் செய்தார். அவரவருடைய வேண்டாத பல்லிலிருந்து செல்லை எடுத்து, வளர்த்து, கூழ் எடுக்கப்பட்ட பல்லுக்குள் வைத்தார். நான்கு வாரத்தில் ஐந்தில் நான்கு பல் மின்சோதனைக்குப் பதில் சொன்னது. 2018இல் சீனாவின் சீயான் நகரக் குழு, அடிபட்டு முன்பல் செத்த பிள்ளைகளின் சொந்தப் பால் பல்லிலிருந்து செல்லை வளர்த்து அந்த முன்பல்லுக்குள் வைத்தது. 40 பேரைச் சேர்த்து, 30 பேருக்குச் செல், 10 பேருக்குப் பழைய முறை. ஓராண்டு முடிவில் செல் பெற்ற பற்களில் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் திரும்பியிருந்ததோடு வேரும் வளர்ந்திருந்தது. சிலியில் 2020இல் தொப்புள்கொடிச் செல்லை வைத்து, வேர் முடிந்த பெரியவர்களின் பற்களில் முயன்றார்கள், 36 நோயாளிகள். எண்கள் சிறியவை. ஒரு பல்லுக்காகத் தூய அறை, செல் வளர்ப்பு, வாரக்கணக்கில் பரிசோதனை என்று கணக்குப் போட்டால், பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் வைப்பதே மலிவாகிவிடும்.

நம் ஊர்ப் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். பால் பல்லைச் சேமித்துவையுங்கள், நாளை உங்கள் பிள்ளைக்கு உதவும் என்று விளம்பரங்கள் வந்ததுண்டு. 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட தேசிய ஸ்டெம் செல் நெறிமுறை, தொப்புள்கொடி ரத்தம் தவிர மற்ற எதையும் வணிக ரீதியில் சேமித்துவைக்க இடம் தரவில்லை. பல்லும் அந்தத் தடைக்குள் வருகிறது. விழுந்த பால் பல்லைச் சாணியில் வைத்துக் கூரைமேல் எறிவது நம் பழைய வழக்கம். சீயானில் அதே பல்லிலிருந்து பற்கூழ் வளர்த்தார்கள் என்பது உண்மை. அதற்காகக் கூரைக்குப் பதில் வாடகைக் குளிர்பெட்டியைத் தேடுவதற்கு இன்னும் காலம் வரவில்லை.

இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து வரும் ஆய்வுகளில் அடிக்கடி தலைகாட்டுவது வேறொன்று, பி.ஆர்.எஃப். எனப்படும் பிளேட்லெட் ரிச் ஃபைப்ரின். பிரான்ஸின் ஷூக்ரூன் 2001 வாக்கில் முன்வைத்த முறை. நோயாளியின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, எதுவும் கலக்காமல் சுழலியில் சுற்றினால், ரத்தத்தை உறையவைக்கும் நார்ப்புரதமான ஃபைப்ரின், நடுவில் மஞ்சள் நிறக் கட்டியாகத் திரளும். தட்டணுக்களும் வளர்ச்சிக் காரணிகளும் அதில் செறிந்திருக்கும். அதைக் குழாய்க்குள் வைப்பார்கள். ஒரு சிறு இயந்திரம் போதும், செல் வளர்க்க வேண்டாம் என்பதால் இங்கே அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. பலன் ஏறக்குறைய ரத்தக்கட்டுக்குச் சமம். நுனியைக் குத்தியும் ரத்தம் ஊறாத பல்லில் கைகொடுக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் செத்த பற்கூழ். சாகாமல் வீங்கியிருக்கும் பற்கூழின் கதை வேறு, பெரியவர்கள் பெரும்பாலோருக்கு வேண்டியதும் அதுதான். இரவில் படுத்தால் தெறிக்கும் வலி, ஒரு வாய் காபி போனதும் விண்ணென்று பிடித்துச் சில நிமிடம் விடாத வலி. கிராம்பை வைத்துக் கடித்து, மாத்திரை போட்டுத் தள்ளிவிட்டு, நாலாம் நாள் வலி தானாக நின்றதும் சரியாகிவிட்டது என்று நிம்மதிப்படுவோம். பெரும்பாலும் அன்றுதான் பற்கூழ் செத்த நாள். எலும்பு போல உறுதியான சுவருக்குள் அடைபட்ட சதை வீங்க இடமில்லாமல் தன் ரத்த ஓட்டத்தையே நெரித்துக்கொண்டு முழுசாகச் சாகிறது என்று முன்பு நம்பினார்கள். எனவே இந்த வலி வந்தால் பற்கூழை எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. அளந்து பார்த்தபோது அழுத்தம் வீங்கிய மூலையில்தான் ஏறுகிறது, சில மில்லிமீட்டர் தள்ளி இயல்பாகவே இருக்கிறது என்று தெரிந்தது. 2014இல் ரிகூச்சி குழுவினர் 95 பற்களை எடுத்து, டாக்டரின் கணிப்பையும் நுண்ணோக்கி சொல்வதையும் ஒப்பிட்டார்கள். திரும்பக்கூடிய, அதாவது கூழை எடுக்காமலே ஆறக்கூடிய வீக்கம் என்று கணித்தவற்றில் 96.6 சதவீதம் சரி. திரும்பாது என்று தீர்ப்பளித்தவற்றில் 84.4 சதவீதம் சரி. மீதியில் பற்கூழ் தேறியிருக்கக்கூடிய நிலையில்தான் இருந்தது. தேறாதவற்றிலும் பல சமயம் கெட்டிருந்தது மேல்பகுதி மட்டுமே. வேருக்குள் இருந்த கூழ் நலமாக இருந்தது.

அப்படியானால் கெட்டதை வெட்டிவிட்டு நல்லதை விட்டுவைக்கலாமே? பிள்ளைகளின் உடைந்த முன்பல்லில் இதே ட்ஸ்வெக் 1978லேயே செய்து காட்டியிருந்தார். திறந்து கிடந்த பற்கூழில் மேலே சுமார் 2 மில்லிமீட்டர் மட்டும் சீவி, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடினார். 60 பற்களில் 96 சதவீதம் ஆறின. அவற்றுள் திறந்து 90 நாள் ஆனதும் உண்டு. எம்.டி.ஏ., பயோடென்டின் வந்த பிறகு இந்தத் துணிச்சல் பெரியவர்களின் வலிக்கிற கடைவாய்ப் பல் வரை வந்துவிட்டது. ஈரானில் அஸ்கரி குழுவினர் 400க்கும் மேற்பட்டோரில் பாதிப் பேருக்கு மேல்பகுதிக் கூழை மட்டும் எடுத்து ஒரு வகைக் கால்சியம் சிமென்ட்டால் மூடி, மீதிப் பேருக்கு முழு வேர் சிகிச்சை செய்து பார்த்தார்கள். ஐந்தாண்டு முடிவில் பலனில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. 2019இல் ஐரோப்பியச் சங்கமும் 2021இல் அமெரிக்கச் சங்கமும் உயிருள்ள கூழைக் காக்கும் சிகிச்சைக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டன. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இன்னும் ஒரு படி தாண்டி, ஆல்சைமர் நோய்க்குச் சோதிக்கப்பட்ட டைடெக்ளூசிப் என்ற மருந்தைக் கொலாஜன் பஞ்சில் தோய்த்து எலியின் பல் துளையில் வைத்தார்கள். பஞ்சு கரைந்த இடத்தில் டென்டின் நிரம்பியது. அது 2017, எலியின் துளை மிகச் சிறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். ஸ்டெம் செல், கொலாஜன் சாரம் என்று வெளியிலிருந்து கொண்டுவரும் எதையும்விட, பல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒடோன்டோபிளாஸ்ட் வரிசை நல்ல டென்டின் கட்டும். இதற்குச் சிறப்பு ஆய்வகமும் தேவையில்லை. ரப்பர் திரை போட்டு எச்சில் படாமல் வேலைசெய்யும் ஒழுக்கமும், நல்ல சிமென்ட்டும், தொடர்ந்து பார்க்கும் பொறுமையும் இருந்தால் ஊர்ப் பல் ஆஸ்பத்திரியிலேயே நடக்கும். ஆனால் பற்கூழ் முழுக்கச் செத்து, வேரடியில் சீழ் கட்டிவிட்ட பெரியவரின் பல்லுக்கு இன்றும் நல்ல வழி அந்தப் பழைய வேர் சிகிச்சையே.

எந்தப் பல்லுக்கு எது என்பதை டாக்டர் கடைசியாக முடிவுசெய்வது எக்ஸ்ரேயிலோ மின்சோதனையிலோ இல்லை. பெரியவரின் பல்லில் மேல்கூழைச் சீவி எடுத்ததும், ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சுருண்டையை வெட்டிய இடத்தில் அழுத்திவைத்துக் காத்திருப்பார். சில நிமிடத்தில் ரத்தம் நின்றால் மிச்சம் இருக்கும் கூழ் நலம்; சிமென்ட் வைத்து மூடலாம். நிற்காமல் ஊறிக்கொண்டே இருந்தால் வீக்கம் இன்னும் கீழே போயிருக்கிறது என்று பொருள், இன்னும் கொஞ்சம் சீவ வேண்டும் அல்லது முழுதாக எடுக்க வேண்டும். அடுத்த நாற்காலியில் முன்பல் செத்த பிள்ளை வாய் திறந்து படுத்திருக்கிறது. அங்கே இன்னொரு டாக்டர் கம்பியால் வேர் நுனியை உறுத்திவிட்டு, ரத்தம் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.